பாய்லர் மாறினால் என்ஜின் போலியாகிவிடாது

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய நீராவி என்ஜின்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ஒன்றின் பாய்லரைக் கழற்றி இன்னொன்றில் ஏற்றுவதை மோசடி என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. நீராவி ஓடிய காலத்திலேயே ஒர்க்‌ஷாப் வழக்கம் அதுதான். ஃபிரேம் (அடிச்சட்டம்), சக்கர வேலையைவிட பாய்லர் வேலைக்கு அதிக நாள் பிடிக்கும். அதனால் சரிபார்த்த பாய்லர்களைக் கையிருப்பில் வைத்திருந்து, வந்த என்ஜினில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயைப் பாருங்கள். அதன் ஸ்விண்டன் பட்டறையின் 'நம்பர் 1' என்ற பாய்லர் மாதிரி செயின்ட், ஸ்டார், ஹால், கிரேஞ்ச், 2800 சரக்கு என்ற என்ஜின் வகைகள் எல்லாவற்றுக்கும் பொது. 1936-39இல் கட்டிய 80 கிரேஞ்ச் என்ஜின்களுக்குச் சக்கரங்களே கழித்துக்கட்டிய 4300 வகையிலிருந்து வந்தவை. அந்த 80இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது புதிதாகக் கட்டிய 6880 பெட்டன் கிரேஞ்ச் என்ற என்ஜினில் 7927 வில்லிங்டன் ஹால் என்ற பழைய என்ஜினின் பாய்லர் இருக்கிறது. இதில் ஸ்விண்டன் செய்யாதது எதுவுமில்லை.

கட்டுரை தொடாத சிக்கல் கீழே, சக்கரங்களில் இருக்கிறது. இரண்டு சிலிண்டர் என்ஜினில் ஓர் ஆக்சிலின் (இரு சக்கரங்களைச் சேர்க்கும் தண்டு) இரு கிராங்க் பின்களும் (சக்கரத்தில் ராடு மாட்டும் முளைகள்) 90 டிகிரி விலகி நிற்கவேண்டும். எல்லாச் சக்கர ஜோடியிலும் ஒரே பிசகு இருந்தால் வண்டி ஓடிவிடும். வேறு என்ஜினின் ஒரு ஜோடியை மட்டும் இடையில் போட்டால், ஒரு பக்கம் கப்ளிங் ராடு (சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு) சுலபமாக உட்காரும், மறுபக்கம் இறுகும். ராடின் துளையில் இருக்கும் வளையமான புஷ்ஷைத் தளர்வாகக் கடைந்து ஒப்பேற்றினால் தட்டல் வரும், புஷ் சூடாகும், கிராங்க் பின் தேயும். கிராங்க் பின்னையே, அந்த 90 டிகிரியைச் சரிசெய்யும் குவார்ட்டரிங் மெஷினில் திருத்துவதுதான் வழி. ஒரே வகை என்ஜின் என்பதற்காக ராடுகளை அப்படியே மாற்றவும் கூடாது. சிலிண்டர் மையத்திலிருந்து கம்பி இழுத்து, ஆக்சில் பெட்டி ஃபிரேமில் உட்காரும் ஹார்ன் முகங்களைச் சரிசெய்து, ஆக்சில் மையங்களின் இடைத்தூரத்தை இரு பக்கமும் அளந்த பிறகே புஷ்களைக் கடையவேண்டும். சக்கரத்தின் உலோக வெளிவளையமான டயரின் விட்டமும் எல்லா ஜோடியிலும் ஒத்திருக்கவேண்டும். இல்லையென்றால் ராடுகள்தான் அந்த இழுபறியைச் சுமக்கும்.

பாய்லரை ஏற்றும்போது நடக்கும் தவறு வேறு. முன்புறம் ஸ்மோக்பாக்ஸைத் (புகைப்பெட்டி) தாங்கும் சேடிலில் இறுக்கிப் பூட்டவேண்டும், பின்புறம் ஃபயர்பாக்ஸ் (நெருப்புப்பெட்டி) நழுவ இடம் விடவேண்டும். சூடேறினால் பெரிய பாய்லர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். புதிய ஃபிரேமில் ஃபயர்பாக்ஸைத் தாங்கும் பிராக்கெட் நழுவவிடாமல் பிடித்துக்கொண்டால், அந்த ஒரு சென்டிமீட்டரின் விசை பிராக்கெட்டிலும் அதன் ரிவெட்டுகளிலும் இறங்கும்.

உண்மையில் கோபம் வரவேண்டிய இடம், மீட்க முடியாதபடி வெட்டப்படும் என்ஜின். இங்கிலாந்தின் டிட்கோட் ரயில் மையத்தில் 4942 மெய்ண்டி ஹாலை 2999 லேடி ஆஃப் லெஜண்ட் என்ற செயின்ட் ஆக்கினார்கள். 1924இல் ஒரு செயின்ட்டின் சக்கரத்தைச் சிறிதாக்கித்தான் முதல் ஹால் பிறந்தது. இது அதே பாதையில் திரும்பிய பயணம். வேறு ஹால்கள் பல இருப்பதால் இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 1944இல் டான்காஸ்டரில் கட்டிய 48518 என்ற 8எஃப் வகைச் சரக்கு என்ஜினின் பாய்லர், கவுண்டி வகையில் புதிதாக 1014 கவுண்டி ஆஃப் கிளாமோர்கன் கட்டப் போனது. போர்க்காலத்தில் ஸ்விண்டனும் 8எஃப் கட்டியதால், கவுண்டி பாய்லருக்கும் தகடு வளைக்கும் அதே அச்சுகள் பயன்பட்டன. பொறியியலாகப் பொருத்தம்தான். எனினும் 48518 இனி முழு என்ஜினாக எழாது என்பது மனதை உறுத்துகிறது.

ராடுகளிலும் பிற பாகங்களிலும் பழைய என்ஜின் எண்கள் குத்தப்பட்டிருக்கும். சுத்தம் செய்கிறோம் என்று அவற்றை அரைத்துவிடாமல், புகைப்படத்தோடு பதிவேட்டில் ஏற்றவேண்டும். அடுத்த கட்டுரையில் எந்தப் பாகம் எந்த என்ஜினிலிருந்து வந்தது என்ற பட்டியலையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், பொன்மலை, திருச்சி