உடல் உறங்க நீ விழித்திருந்த நேரம்

திருநெல்வேலி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றுத் தொலைபேசியில் நீ சொன்னதைக் கேட்டு அம்மா கலங்கிப்போனதால், அவள் எதிரில் நான் அதிகம் பேசவில்லை. இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பிப் படுத்த சற்று நேரத்தில் விழிப்பு வந்ததாகவும், சன்னலும் மேசையும் தெளிவாகத் தெரிந்தபோதும் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை என்றும், கதவருகே யாரோ நிற்பதுபோல் தோன்றிப் பின்பு நெஞ்சின்மேல் ஒரு பாரம் வந்து அமர்ந்தது என்றும், கத்த முயன்றும் குரல் எழவில்லை என்றும் சொன்னாய். "செத்துவிட்டேன் என்றே நினைத்தேன் அப்பா" என்றபோது உன் குரல் நடுங்கியது. இந்த மாதத்தில் இது மூன்றாம் முறை என்பதையும், அதற்கு அஞ்சி இப்போது படுக்கவே தயங்குகிறாய் என்பதையும் பேச்சின் கடைசியில்தான் சொன்னாய். நீ செவிலியர், உடலைப் பற்றி உனக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தனக்கென்று ஒன்று வரும்போது படித்த படிப்பு பக்கத்தில் வந்து நிற்பதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் தலையில் மின்முனைகளை ஒட்டி, அவர்கள் உறங்குவதைத் தாளில் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப் போகிறேன்?

உன் ஆச்சி இருந்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பாள்: அமுக்குவான். இரவில் வந்து நெஞ்சில் ஏறி உட்காரும் பேய் அது என்பாள். தலையணைக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டை வைத்துவிட்டுப் படுக்கச் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவளிடம் இதற்காகக் கடிந்து பேசியிருக்கிறேன். பின்னாளில் யோசித்தபோது, தனக்கு நேர்ந்ததை அவள் மிகத் துல்லியமாகச் சொல்லியிருந்தாள் என்பது புரிந்தது. அசைய முடியாமை, அருகில் ஒருவர் இருக்கும் உணர்வு, நெஞ்சில் பாரம், எழாத குரல் என்று அவள் சொன்ன ஒவ்வொன்றையும் மருத்துவ நூல்கள் 'உறக்க வாதம்' என்ற பெயரின் கீழ் அதே வரிசையில் சொல்கின்றன. அவள் சொன்ன காரணம் மட்டுமே வேறு. மக்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்கிறது. மாணவர்களிடம் இந்த அளவு கால் பங்கையும் தாண்டுகிறது. ஆகவே முதலில் இதை மனத்தில் இருத்திக்கொள்: உனக்கு மூளை பிசகவில்லை, இதயமும் நிற்கவில்லை.

சிறு வயதில் பள்ளி விடுமுறையில் என் பணியிடத்துக்கு வந்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். தலைக்கு எண்ணெய் வைக்காமல், சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிக் காயவைத்துவிட்டு வரச் சொல்லுவோம்; அப்படியும் பாதிப் பேர் எண்ணெய் தேய்த்து வாரிக்கொண்டு வந்து நிற்பார்கள். பஞ்சில் துடைத்து, நாடாவால் மண்டையை அளந்து, குறியிட்ட இடங்களில் களிம்பு வைத்து ஒட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். அன்றைய இயந்திரத்தில் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் தாள் ஓடும். அரை மணிப் பதிவுக்கு 54 மீட்டர் தாள். கண்ணை மூடச் சொன்னதும் பின்மண்டையிலிருந்து நொடிக்குப் பத்து வீதம் சீரான அலைகள் எழும். திறக்கச் சொன்னால் அவை உடனே அடங்கிவிடும். ஒரு மனிதர் உள்நோக்கித் திரும்புவதைத் தாளின்மேல் காண்பது எனக்குக் கடைசி நாள் வரையில் அலுக்கவில்லை.

அந்த அலையை முதலில் கண்டவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் படைப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். தொலைவில் வீட்டிலிருந்த அவருடைய அக்காவுக்கு அன்று காரணமின்றி மனம் பதைத்தது. அவள் சொல்லித் தந்தை நலம் விசாரித்துத் தந்தி கொடுத்தார். மனத்திலிருந்து மனத்துக்கு ஏதோ ஓர் ஆற்றல் பாய்கிறது என்று நம்பிய பெர்கர், அதைத் தேடியே ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது அதைவிடப் பெரியது. உன்னிடமிருந்து அழைப்பு வராத நாள்களில் எனக்கு அந்தத் தந்தி நினைவுக்கு வருவதுண்டு.

இனி உன் செய்திக்கு வருகிறேன். உறக்கம் என்பது விளக்கை அணைப்பதுபோல் ஒரே இருட்டு என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜீன் அசெரின்ஸ்கி, 1951 டிசம்பரில், எட்டு வயதான தன் மகனின் கண்ணருகே மின்முனைகளை ஒட்டி அவனைத் தூங்கவைத்தார். நடுவில் எழுதுமுனைகள் திடீரென்று வேகமாக ஆடின. பையன் விழித்துக்கொண்டான் என்று எண்ணி உள்ளே போய்ப் பார்த்தால், அவன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் ஓடின. 1953இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். அந்நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இதற்குக் கண்ணசைவுத் துயில் என்று பெயர். சுருக்கமாக ரெம் தூக்கம் என்கிறோம். ஆழ்துயிலின் பெரிய, மெல்ல அசையும் அலைகள் மறைந்து, விழித்திருப்பவரின் அலைகளைப் போன்ற சிறு அலைகளே அப்போது தாளில் ஓடும். சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்நிலை வந்துபோகும். விடியலை நெருங்க நெருங்க நீளும்.

இதில் உனக்குத் தேவையான பகுதி தாடையின் கீழ் ஒட்டும் மின்முனையில் இருக்கிறது. ஆழ்துயிலிலும் ஓரளவு இறுக்கம் காட்டும் அந்தத் தசை, கண்ணசைவுத் துயிலில் கோடு கிழித்ததுபோல் அடங்கிவிடும். மூளைத்தண்டிலிருந்து புறப்படும் ஆணை, தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களை அமர்த்திவைக்கிறது. உதரவிதானம் மூச்சை நடத்தும், கண்கள் ஓடும். மற்றவை கட்டுண்டு கிடக்கும். எதற்காக இந்தக் கட்டு என்பதை பிரான்சின் லியோன் நகரத்து மிஷேல் ஜூவே பூனைகளிடம் காட்டினார். மூளைத்தண்டில் அந்த இடத்தைச் சிதைத்துவிட்ட பூனைகள், உறக்கம் கலையாமலே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கித் தாக்கின. மனிதரிலும் இந்தக் கட்டு அவிழ்ந்தவர்கள் உண்டு. கனவில் சண்டையிட்டு, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிட்டு அழுவார்கள். கனவு காணும் உடலை மூளை கட்டிப்போடுவது நம்மைக் காப்பதற்காகத்தான்.

உனக்கு நேர்ந்தது என்னவென்றால், அறிவு முன்னால் விழித்துக்கொண்டது. கட்டு அவிழச் சற்றே தாமதித்தது. கனவும் முழுதாக விலகவில்லை. கதவருகே நின்றது அந்த மிச்சக் கனவு. அச்சத்துக்குரிய மூளைப் பகுதிகள் கண்ணசைவுத் துயிலில் சுறுசுறுப்பாக இருப்பதால், வரும் உருவம் பெரும்பாலும் அச்சமூட்டுவதாகவே வருகிறது. நெஞ்சின் பாரத்துக்கும் காரணம் உண்டு. விலாத் தசைகள் தளர்ந்திருக்க உதரவிதானம் மட்டும் தன்போக்கில் மூச்சை நடத்துகிறது. நீ பயந்து ஆழமாக இழுக்க முயல்கிறாய், உடல் உன் சொல்லைக் கேட்பதில்லை. அந்தக் கீழ்ப்படியாமையைத்தான் பாரமாக உணர்ந்தாய். மூச்சு ஒரு நொடியும் நிற்கவில்லை, அம்மா.

நனவு, கனவு, உறக்கம் ஆகியவற்றை மூன்று தனி அறைகளாக எண்ணிக்கொள்வதால்தான் நமக்கு இது பேரச்சமாகிறது. பல இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்று கொள்வதே பொருந்தும் என்பது என் அனுபவம். புலன்களின் வாயில், தசைகளின் கட்டு, நினைவு, 'நான்' என்ற உணர்வு ஆகியவை வழக்கமாக ஒன்றாகவே திரும்புகின்றன. சில வேளை ஓர் இழை பிந்துகிறது, இன்னொன்று முந்துகிறது. உறக்கத்தில் நடப்பவரிடம் உடல் விழித்து அறிவு உறங்குகிறது. இது கனவு என்று அறிந்தபடியே கனவு காண்பவர்களும் இருக்கிறார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடம் வலமாக அசைத்து, கனவுக்குள்ளிருந்தே ஆய்வாளருக்குச் சைகை செய்தார். திருவரங்கத்துப் பெருமாளுக்கு 'அறிதுயில்' என்று நம்மவர்கள் சொன்ன சொல்லை அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் நின்று யோசித்தேன்.

தாத்தா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வந்து இரவில் எனக்குச் சொன்னதும் இங்கே நினைவுக்கு வருகிறது. உயிர் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகளில், அதாவது நிலைகளில், இறங்கி ஏறுகிறது என்பது சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்துச் செய்தி. நனவில் உயிரோடு தொழில் செய்யும் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்தில் 3. நனவிலிருந்து கனவுக்குப் போகும்போது உதிரும் பத்து எவை என்று கேட்டால், அறிகருவிகள் ஐந்தும் செயற்கருவிகள் ஐந்தும் என்பார் தாத்தா. கண், காது முதலியவற்றின் வாயில் மூடுகிறது. கை, கால், வாக்கு அடங்குகின்றன. உள்ளே மனம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் மூளையைப் பார்த்துச் சொன்னார்கள் என்று நான் கூற வரவில்லை. அவர்கள் தேடியது உயிரின் விடுதலையை. ஆனாலும் நிலைக்கு நிலை எது நிற்கிறது, எது விலகுகிறது என்று கணக்குப் பார்த்த அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். உனக்கு அன்று ஐந்து திரும்பிவிட்டன, மற்ற ஐந்து வரச் சற்று நேரமாயிற்று, அவ்வளவுதான்.

'செத்துவிட்டேன்' என்று சொன்னாயே, அதைப் பற்றியும் எழுத வேண்டும். துஞ்சுதல் என்ற ஒரே சொல்லால் உறக்கத்தையும் சாவையும் சொன்ன மொழி நம்முடையது. சோழ மன்னன் ஒருவனைக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றால் அங்கே இறந்தவன் என்று பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவில் விபத்தில் அடிபட்டுக் கிடந்த ஓர் இளைஞனுக்கு நான் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்குகிறானா, நினைவில்லாமல் கிடக்கிறானா?" என்று கேட்டாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உறங்குபவரைத் தட்டினால் எழுவார். கோமாவில் இருப்பவர் எழமாட்டார், அவருக்கு உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வருவதுமில்லை. அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், மருத்துவர் வந்து சொல்வார் என்றேன். நீயோ அறையைப் பார்த்தாய், அஞ்சினாய், என்னிடம் சொல்ல நினைவிலும் வைத்திருந்தாய். அந்தத் தாய் தன் மகனிடம் தேடிய எல்லாமும் அந்நேரத்தில் உன்னிடம் இருந்தன.

இது ஏன் இப்போது உனக்கு வருகிறது என்பதற்கு உன் பணிநேரமே பதில். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கூடி உடலின் கடிகாரமாக இயங்குகின்றன. அவற்றைத் திருத்திவைப்பது பகலொளி. நீ இருக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டிசம்பரில் சூரியன் உதிப்பதே காலை எட்டே முக்கால் அளவில்தான்; நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. நீ இருட்டில் திரும்பி, வெளிச்சம் இருக்கும் நேரம் முழுவதும் உறங்கி, இருட்டில் எழுகிறாய். மேலும் கண்ணசைவுத் துயில் இயல்பாகவே காலைப்பொழுதில் மிகும். பல நாள் குறைத் தூக்கத்தோடு அந்நேரத்தில் படுப்பவரை அது படுத்த சற்று நேரத்திலேயே பற்றிக்கொள்ளக் கூடும். அதுவே இந்தக் குழப்பத்துக்கு வாசல்.

மல்லாந்து படுக்காதே; ஒருக்களித்துப் படு, ஏனென்றால் இது மல்லாந்து படுப்பவர்களுக்கே அதிகம் நேர்கிறது. பணியின் பின்பாதியில் காபி குடிக்காதே. குடித்ததில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. விடுமுறை நாளிலும் உறங்கும் நேரத்தை அடியோடு மாற்றாதே. மறுபடி நேர்ந்தால் எழுந்துவிடப் போராடாதே. கண்ணை அசைக்க முடியும், மூச்சு தானே நடக்கிறது என்று எண்ணிக்கொண்டு ஒரு கால் விரலை மட்டும் அசைக்க முயன்றுகொண்டிரு. பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்களில், கட்டு அவிழ்ந்துவிடும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்: விழித்திருக்கும் வேளையில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா? வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து போகிறதா? அப்படி இருந்தால் அது நார்கோலெப்சி என்ற வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். விழிப்பை நிலைநிறுத்தும் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் குறைவதால் வருவது அது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். அவள் உனக்கு அனுப்பும் பொட்டலத்தில் முறுக்கோடு ஆச்சியின் பழைய பாக்குவெட்டியையும் எடுத்து வைத்திருக்கிறாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும் என்கிறாள். நான் தடுக்கவில்லை. ஆச்சியின் கை பட்ட பொருள் ஒன்று அருகில் இருந்தால் நீ பயமின்றிக் கண்ணயர்வாய் என்றால், அதுவும் மருந்துதான்.

நீ காலை எட்டரைக்கு அறைக்கு வரும்போது இங்கே பிற்பகல் இரண்டு மணி. அந்நேரத்தில் நான் உறங்குவதில்லை, திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். படுப்பதற்கு முன் ஒரு நிமிடம் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா