தாய்மாமன் முகம் ஏன் அப்படிச் சிவந்தது? மதுரை லேப்டாப் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

டவுன்ஹால் ரோட்டிலும் பைபாஸ் ரோட்டிலும் கே.கே.நகரிலும் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

14 வருடமாக மதுரையில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளக்ஸ் டிசைன் செய்து பிழைப்பவள் நான். என்னிடம் வேலை பழகிய உசிலம்பட்டிப் பையன் போன வைகாசியில் சொந்தமாக லேப்டாப் வாங்கினான். அம்மா தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம். டிசைன் வேலைக்கு என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறான். கீபோர்டில் கலர் லைட் எரியும் கேமிங் லேப்டாப்பை எடுத்துவைத்து, "கிராபிக்ஸ் கார்டு இருக்கு தம்பி, டிசைனுக்கு இதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதில் அவன் செய்த முதல் வேலை ஒரு காதணி விழா ஃபிளக்ஸ், 10க்கு 8 அடி. திரையில் தாய்மாமன் முகம் வெளிறித் தெரிந்ததால் மஜெந்தாவை, அதாவது அச்சில் சிவப்புத் தரும் நிறத்தை, கூட்டியிருக்கிறான். பத்தாமல் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறான். மிஷினிலிருந்து ஃபிளக்ஸ் இறங்கியபோது, செம்பருத்தியை அரைத்துப் பூசிய மாதிரி இருந்தது முகம். சீர் கொண்டுவரும் மாமனை மண்டப வாசலில் அப்படி நிறுத்த முடியுமா? கைக்காசு போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தான். என் திரையில் அதே ஃபைலைத் திறந்தேன். ஃபிளக்ஸில் வந்த சிவப்பு அப்படியே தெரிந்தது. பக்கத்தில் அவன் லேப்டாப்பில் அதே முகம் வெளுத்துக் கிடந்தது. பையன் வாயே திறக்கவில்லை.

தப்பு அவன் கண்ணில் இல்லை. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்று சொல்லும் பழைய, பெரிய டி.வி. அளவுகோல் என்.டி.எஸ்.சி. அதில் 45 சதவீதம் மட்டுமே காட்டும் வகை அந்தத் திரை. கம்ப்யூட்டர் திரைகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும், அதைவிடச் சின்ன நிற வரம்பு எஸ்.ஆர்.ஜி.பி. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது காட்டவே காட்டாது. அடிபடுவது பெரும்பாலும் அடர்ந்த நிறங்கள்தான். குங்குமமும் மயில் கழுத்துப் பச்சையும் இல்லாமல் நம் ஊரில் எந்த விசேஷம் நடக்கிறது? ஐ.பி.எஸ். பேனல் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, ஐ.பி.எஸ்.ஸிலும் இந்த 45 வகை நிறைய வருகிறது. டிசைனுக்கு 100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. வேண்டும்.

அடுத்தது ரேம், திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் நினைவகம். அந்த 10க்கு 8 ஃபிளக்ஸை 72 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தாலே 8640க்கு 6912 பிக்சல். சி.எம்.ஒய்.கே. என்னும் நாலு அச்சு நிற முறையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முழு அளவு லேயர் ஒன்றுக்குச் சுமார் 240 எம்பி. அதில் மாமன், அத்தை, குழந்தை, பூ வளைவு, தலைவர் படம் என்று அடுக்கினால் 8 ஜிபி மூச்சு வாங்கும். 16 ஜிபி இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கட்டும். போர்டிலேயே ரேமை ஒட்டிவரும் மாடல்களில் அதற்கு வழியில்லை. அதை விற்கும்போதே சொல்லிவிடுங்கள். ஃபோட்டோஷாப், கோரல்டிராவில் ஓடும் எங்கள் வேலைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. 3டி, வீடியோ செய்கிறவர்கள் கதை வேறு.

உங்களிடம் நான் கேட்பது விலைக்குறைப்பு இல்லை. விலை எழுதும் அட்டையிலேயே எஸ்.ஆர்.ஜி.பி. எத்தனை சதவீதம் என்று ஒரு வரி எழுதுங்கள். தெரியாவிட்டால் கம்பெனிக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். கடையில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். "என்ன டிசைன் பண்ணுவீங்க, அச்சுக்கா, யூடியூபுக்கா?" என்று அவர்கள் முதலில் கேட்கட்டும். வாங்க வருகிறவர் தன் ஃபைலை டிஸ்ப்ளே பீஸில் திறந்து பார்க்க அனுமதியுங்கள். சிவகாசியில் அடித்த ஒரு காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

திருமங்கலத்திலிருந்து இன்னொரு பெண் இப்போது என்னிடம் வேலை பழகுகிறாள். அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு உங்களில் யாராவது ஒருவர் கடைக்கு வருவேன். கையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் அந்தத் தாய்மாமன் படம் இருக்கும். திறந்து காட்டுங்கள் அண்ணே.