பிதுக்கினால் மட்டும் வலு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் பக்கத்தில் டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த டைட்டானியம் அலுமினைடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிக்கல் கலவைகளின் எடையில் ஏறக்குறைய பாதிதான், விமான எஞ்சின் பிளேடுக்கு ஏற்றது என்பதெல்லாம் சரி. ஆனால் சூடாக்கி, பற்பசையைப் போல டை எனும் துளையுள்ள அச்சு வழியாகப் பிதுக்கினால் உலோகம் வலுவாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

பற்பசை வெளியே வந்த பிறகும் அதே பற்பசைதான். இந்த உலோகம் உள்ளேயே மாறிவிடுகிறது. வார்த்த கட்டியில் பெரிய பெரிய படிகத் தொகுதிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் காமா, ஆல்ஃபா-2 என்ற இரண்டு வகைப் படிகங்கள் மெல்லிய ஏடுகளாக அடுக்கடுக்காக இருக்கும். அறை வெப்பநிலையில் இழுத்தால் பெரும்பாலும் 2 சதவீதம்கூட நீளாமல் உடையும். பிதுக்கும்போது அந்த ஏடுகள் வளைந்து, சிதைந்து, அங்கேயே புதிய சிறு படிகங்கள் பிறக்கின்றன. படிகம் சிறுத்தால் வலிமை கூடும், அதுவரை கட்டுரை சொன்னது உண்மை.

எந்தச் சூட்டில் பிதுக்கினார்கள்? அதைச் சொல்லவே இல்லை. கலவையைப் பொறுத்து 1300 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் காமா முழுதும் கரைந்து, ஆல்ஃபா-2-இன் உயர்சூட்டு வடிவமான ஆல்ஃபா மட்டும் மிஞ்சும், ஆறும்போது நுண்ணிய ஏடுகள் திரும்ப உருவாகும். நயோபியம் என்ற உலோகத்தை அதிகம் சேர்த்த கலவையில் இப்படிப் பிதுக்கிய தண்டு 1000 மெகாபாஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் வலிமையின் அலகு) அளவுக்குக்கூடத் தாங்கும். எல்லைக்குக் கீழே பிதுக்கினால் உருண்டையான காமா மணிகள் நிறைய வரும், கொஞ்சம் நன்றாக நீளும், ஆனால் 700 டிகிரியில் நாள்கணக்கில் சுமையைத் தாங்கச் சொன்னால் மெல்ல மெல்ல இழுபட்டுப் போகும். பிளேடுக்கு இது ஆகுமா?

அப்புறம் திசை. பிதுக்கிய தண்டில் ஏடுகள் பெரும்பாலும் நீளவாக்கில் படுத்துவிடும், வார்ப்பில் அலுமினியம் சீராகக் கலக்காத இடங்களும் பட்டை பட்டையாக நீண்டு கிடக்கும். நீளவாக்கில் இழுத்தபோது கிடைத்த வலிமை எண்ணைக் குறுக்குவாக்கில் எதிர்பார்க்க முடியாது.

போதாக்குறைக்கு, படத்தில் போட்டிருந்த ஜிஇஎன்எக்ஸ் (GEnx) விமான எஞ்சினின் டைட்டானியம் அலுமினைடு பிளேடுகள் வார்ப்பில் செய்தவை!

அடுத்த முறை வலிமை எண் போடும்போது எந்த வெப்பநிலையில் பிதுக்கியது, எந்தத் திசையில் இழுத்துப் பார்த்தது என்பதையும் கூடவே போடுங்கள்.

இப்படிக்கு,
உலோகவியல் படித்த ஒரு வாசகர்