பிளாஸ்டிக் செடி மட்டும் வாங்கிவிடாதே, வசந்தா

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. கோமதி பாட்டியாகிவிட்டாள், உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இரண்டுமே மனசுக்கு நிறைவு. இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலி முன்பைவிடப் பரவாயில்லை. மற்ற செய்தியெல்லாம் அப்புறம். உன் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகள் வாங்கிக் கொடுத்த சக்குலன்ட் செடிகள், அதுதான் சதைப்பற்றான இலையில் நீரைச் சேர்த்து வைக்கிற செடிகள், ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன, உனக்குக் கைராசி இல்லை, இனி ஜன்னலில் பிளாஸ்டிக் செடிதான் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் வசந்தா. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். நெருக்கமான இலை அடுக்காக இருந்திருக்க வேண்டிய எக்கவேரியா, இலைக்கும் இலைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டு, ஜன்னல் பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அடி இலைகள் மஞ்சளடித்து, ஒளி ஊடுருவும்படி குழைந்துபோய் இருக்கின்றன. அது இருப்பதோ ஓட்டையே இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில். மேலே வண்ணக் கூழாங்கல், அதையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சில வாரம் மேஜையில் அழகாக இருந்தால் போதும் என்று கட்டிக் கொடுத்த பொருள் அது. அதற்குள் ஒரு செடி பிழைக்காமல் போனதற்கு நீ ஏன் பழியைச் சுமக்க வேண்டும்?

கழுத்து நீண்டது வெளிச்சப் பஞ்சத்தால். இலை குழைந்தது தண்ணீரால். இந்த இரண்டும் தனித்தனி நோய் இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கிற தண்ணீரும் குறையும். நாம் வழக்கம்போல ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். உனக்கோ பாசத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி தண்ணீர் ஊற்றுவது. ஹாஸ்டலில் அந்த மணிபிளான்ட் பட்ட பாடும், கீழே வார்டன் அறைக் கூரையில் விழுந்த ஈரமும் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது!

சரி, இனிமேல் எப்படி என்று கேட்பாய். செடியின் படத்தைப் பார்த்து வாங்குவதை முதலில் விடு. உன் ஜன்னலைப் பார்த்து வாங்கு. உச்சிவேளையில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் மேலே உன் கையை நீட்டு. நிழலின் ஓரம் கத்தரித்தது போலத் தெளிவாக விழுந்தால் அங்கே நல்ல வெளிச்சம். மங்கலாகக் கை வடிவம் மட்டும் தெரிந்தால் நடுத்தரம். நிழலே சரியாக விழவில்லை என்றால் அங்கே எந்தச் சக்குலன்ட்டும் சுகமாக வளராது. மருள் என்கிற ஸ்னேக் பிளான்ட் மட்டும் பொறுத்துக்கொண்டு கிடக்கும். உன் படத்தில் ஜன்னலுக்கு வெளியே மரக்கிளை தெரிகிறது. அதனால் உன்னுடையது நடுத்தரமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். எக்கவேரியா, செடம் போன்றவை நேர் வெயில் கேட்கிற ஜாதி. உன் ஜன்னலில் அவை கழுத்தை நீட்டத்தான் செய்யும், யார் வளர்த்தாலும்.

வெளிச்சத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இரவு. இதைப் பலர் சொல்வதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குள் இலையை வைத்து வேர் விடுகிறதா என்று தினமும் பார்ப்போமே, அந்த ரணகள்ளி நினைவிருக்கிறதா? கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்போமே, அதுதான். பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவர ஆய்வாளர் அந்த இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்திருக்கிறார். காலையில் கடும் புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு. அதை ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-ல் இயற்கை அறிவியல் சங்கமான லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. காரணம் பின்னால்தான் விளங்கியது. சக்குலன்ட் போன்ற வறண்ட நிலத்துச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடும். அதனால் பகல் முழுக்க மூடி வைத்துக்கொண்டு, இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேமித்த அமிலத்தை எடுத்து வெயிலில் சமைக்கிறது. காலைப் புளிப்பு அந்த அமிலம்தான்.

ஆகவே இந்தச் செடிகளுக்கு இரவுதான் வேலை நேரம். இரவு குளிர்ந்தால் வாயை நன்றாகத் திறக்கும். மெக்சிகோவின் உயர்ந்த மலைப்பகுதிகளைச் சேர்ந்த எக்கவேரியாக்களுக்குப் பகலில் எரிக்கிற வெயிலும் இரவில் குளிரும் பழக்கம். ராத்திரியும் புழுங்குகிற வீட்டில் அவை திணறும். அந்த நேரத்தில் ஈரமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் கருகி உட்கார்ந்துவிடும். உன் கடிதத்தில் இரவு மின்விசிறி இல்லாமல் தூங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, அங்கேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

உனக்கு நான் சிபாரிசு செய்வது ஹவொர்த்தியா. தென்னாப்பிரிக்காவில் புதர்களின் அடியிலும் பாறை இடுக்கிலும் அரை நிழலில் வளர்வது. அதனால் உன் ஜன்னலே அதற்குப் போதும். அதில் கூப்பெரி என்று ஒரு வகை இருக்கிறது. குண்டுக் குண்டான இலை, நுனி மட்டும் நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். சொந்த மண்ணில் உடம்பை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு அந்த நுனியை மட்டும் வெளியே காட்டும். வெளிச்சம் நுனி வழியாக இறங்கி, மண்ணுக்கடியில் இருக்கிற பச்சைக்குப் போய்ச் சேரும். ஒரு நாள் காலையில் பக்கவாட்டு வெயிலில் அதைக் கையில் எடுத்துப் பார். இலைக்குள்ளே கோடு கோடாகப் பச்சை நரம்பு ஓடுவது தெரியும். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

காஸ்டீரியாவும் இதே குணம். உன் மாடித் திட்டில் முழு வெயில் அடிக்கிறது என்றால் அங்கே அடினியமும் பத்துமணிப்பூவும் வை, பூத்துத் தள்ளும். ஆனால் அடினியத்தின் பால் விஷம், ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கள்ளிகள் சேர்ந்த யூஃபோர்பியா இனம் எல்லாமே அந்த ரகம். கலாங்கோ பூனைக்கு ஆகாது, இதயத்தைத் தாக்கும். உன் பூனை எதையும் கடித்துப் பார்க்கிற ஆள். ஹவொர்த்தியாவும் எக்கவேரியாவும் பூனைக்குத் தீங்கில்லாதவை.

மண் விஷயத்தில் நீ என் பேச்சை அப்படியே கேள். தொட்டி மண் பாதி, கல் துணுக்கு பாதி. கல் என்றால் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை. பியூமிஸ் என்கிற எரிமலை நுரைக்கல், நர்சரியில் கிடைக்கிற வெள்ளைப் பெர்லைட் துணுக்கு, இல்லாவிட்டால் உடைத்துச் சலித்த செங்கல், எதுவானாலும் சரி. பொடி மணல் கூடாது, அது இடைவெளிகளை அடைத்துச் சேறாக்கிவிடும். தொட்டி அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், நம்பாதே. மேலே இருக்கிற நுண்ணிய மண் முழுக்க ஊறிய பிறகுதான் கீழே ஜல்லிக்குள் தண்ணீர் இறங்கும். ஆக, ஈரம் தேங்குகிற மட்டம் ஜல்லி உயரத்துக்கு மேலேறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஜல்லியை அடியில் போடாதே, மண்ணோடு கலந்துவிடு. தொட்டி சுட்ட மண்ணாக, கீழே ஓட்டையோடு, செடியைவிட ஓரிரு விரல் அகலமாக இருந்தால் போதும்.

கடையிலிருந்து வரும் செடியின் வேரை அவசியம் பிரித்துப் பார். பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளோ பீட் என்கிற சதுப்புநில மக்கோ ஒரு உருண்டையாக இறுகியிருக்கும், சிலவற்றில் வேரைச் சுற்றி வலைத்துணி ஒன்று கழுத்தை நெரிக்கிற மாதிரி சுற்றியிருக்கும். அந்த உருண்டை ஒரு முறை காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊறிவிட்டால் லேசில் காயாது. வலையைக் கத்தரித்து, உருண்டையை விரலால் உதிர்த்துவிட்டுத்தான் நட வேண்டும். செத்துப்போன உன் செடிகளில் ஒன்றைத் தோண்டிப் பார். அந்த வலை இருந்தால் எனக்கு எழுது.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வைக்காதே. மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி எடு. மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் பொறு. சுத்தமாக வந்தால் கீழே ஓட்டை வழியாக வழிகிற வரை ஊற்று, அதன்பின் மறுபடி காய்கிற வரை கிட்டேயே போகாதே. அடி இலை சுருங்கி, தொட்டால் மெத்தென்று இருந்தால் தாகம். கூழாக, ஒளி ஊடுருவினால் அது அளவுக்கு மீறிய ஈரம். சந்தேகம் வந்தால் தாகம் பக்கமே நில், தாகத்திலிருந்து செடி சில நாளில் மீளும். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இலை இடுக்கில் தொட்டுவிடு, போதும். வேப்பெண்ணெய் அடித்துவிட்டு வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும்.

இனி நான் சொல்லப்போவது உன் மருமகனுக்காக. இதய வடிவில் சின்னஞ்சிறு செடி ஒன்று இருக்கிறது, கோனோஃபைட்டம், வெளிநாட்டிலிருந்து உனக்கு வரவழைத்துத் தரப்போகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் தயவுசெய்து நிறுத்தச் சொல். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு ஓரத்தில், குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் மழை பெய்கிற வறண்ட நிலத்தில், கூழாங்கற்களுக்கு நடுவே அவை கல்லோடு கல்லாகக் கிடப்பவை. 1811-ல் வில்லியம் பர்ச்செல் என்பவர் அந்த நாட்டில் வினோதமான கல் என்று ஒன்றைக் குனிந்து எடுத்தார், அது லித்தாப்ஸ் செடி. கோனோஃபைட்டமும் அதே குடும்பம். மேய்கிற விலங்குக்குத் தெரியாமல் இத்தனை காலம் ஒளிந்திருந்த செடிகளை இப்போது மூட்டை மூட்டையாகப் பெயர்த்துக் கடத்துகிறார்கள். 2019-க்குப் பிறகு அங்கே பறிமுதல் செய்யப்பட்டவை மட்டும் லட்சக்கணக்கில். சில இனங்கள் உலகத்திலேயே ஒரு மலைச்சரிவில்தான் இருக்கும். அந்தச் சரிவைக் காலி செய்தால் அந்த இனமே போயிற்று. கலிபோர்னியாவில் டட்லியா என்ற செடிக்கும் இதே கதி வந்து, காட்டிலிருந்து திருடிய டட்லியாவை விற்பதையே குற்றமாக்கி 2021-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அவருக்கு அந்தச் செடி மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால், விதையிலிருந்து வளர்த்ததா என்று விற்பவரிடம் கேட்கச் சொல். நர்சரியில் வளர்ந்த செடி இளசாக, வடு இல்லாமல், அளவில் ஒன்றுபோல் இருக்கும். காட்டிலிருந்து பெயர்த்தது கிழடாக, தழும்போடு, மூலவேர் அறுந்து, பழைய காய்ந்த உறை பல அடுக்காகச் சுற்றியிருக்கும். விலையைவிட அந்த வேரைப் பார்க்கச் சொல். அதுவும் கோடையில் தூங்கிக் குளிரில் வளர்கிற செடி, உன் புழுக்கமான ராத்திரியில் ஒரு கோடையைத் தாண்டாது. ஒரு உயிரை அதன் மலையிலிருந்து பிடுங்கி, கடல் தாண்டி வரவழைத்து, உன் ஜன்னலில் சாகவிடுவதற்கு நீ சம்மதிக்கக்கூடாது, வசந்தா.

என் ஹவொர்த்தியா பக்கத்தில் நிறையக் குட்டி விட்டிருக்கிறது. வேரை உதறி, காகிதத்தில் சுற்றி உனக்கு அனுப்புகிறேன். வந்தவுடன் தண்ணீர் விட்டுவிடாதே. இரண்டு நாள் நிழலில் ஆறப்போடு, பிறகு காய்ந்த மண்ணில் நடு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். இலை கொஞ்சம் சிவந்தால் பதறாதே, வேர் பிடித்ததும் பச்சை திரும்பும். அதற்குள் அந்தத் தாள் சோதனையைக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் செய்து எனக்குப் படம் அனுப்பு. ஜன்னலின் எந்த மூலையில் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். கோமதியின் பேரக்குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மீனா