ரோபோ போடும் கணக்கும் டாக்டர் போடும் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோபோ உதவியுடன் செய்யும் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வயதாகித் தேய்ந்த மூட்டுகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, பிறவியிலேயே மூட்டுக்குழி சரியாக வளராதவர்களை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமாக இருந்தது. என் தங்கை அப்படிப் பிறந்தவள். சின்ன வயதில் விந்தி நடந்தபோது, "வளர வளரச் சரியாகிவிடும்" என்றார்கள். சரியாகவில்லை. நாற்பது வயதில் மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

இப்படி மூட்டு சரியாக வளராத டிஸ்பிளேசியா உள்ளவர்களுக்குக் குழி ஆழமே இல்லாமல் தட்டுப்போல இருக்கும். தொடை எலும்பின் பந்து மேலே ஏறிப் போய், சிலருக்கு அங்கேயே ஒரு போலிக் குழியை உண்டாக்கியிருக்கும். செயற்கைக் கிண்ணத்தை எங்கே பொருத்துவது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய, வழக்கமான அடையாளங்கள் கிடைப்பதில்லை. எலும்பும் குறைவு, கொஞ்சம் அதிகமாகக் குடைந்தால் உட்சுவர் உடைந்துவிடும்.

ரோபோ இங்கேதான் கைகொடுக்கிறது. முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, அவரவர் எலும்பைத் திரையில் முப்பரிமாணமாக வைத்து, கிண்ணத்தின் இடம், அளவு, கோணம் எல்லாம் முடிவு செய்கிறார்கள். குடையும் கருவியைப் பிடிப்பது டாக்டர்தான். திட்டத்தின் எல்லையைத் தாண்ட ரோபோவின் கை அனுமதிக்காது. கிண்ணம் நினைத்த இடத்தில் அமைவதில் இது வெறும் கையை விட மேல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் ரோபோ துல்லியமாகச் செய்வது டாக்டர் போட்ட திட்டத்தை. அந்தத் திட்டம் சரியா என்பது வேறு கேள்வி. கிண்ணம் 40 டிகிரி சாய்வு, 15 டிகிரி முன்திருப்பம், இரண்டிலும் 10 டிகிரி கூடக்குறைய இருக்கலாம் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் லூயினெக்கின் குழுவினர் 1978இல் சொன்னார்கள். 2016இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், மாற்றிய பிறகு நழுவிப்போன 206 மூட்டுகளில் 58 சதவீதம் இந்த எல்லைக்குள்ளேயே இருந்தன! உட்கார்ந்து எழும்போது இடுப்பெலும்பு சாயும் விதம், தொடை எலும்பின் முறுக்கு என்று மற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்பிளேசியாவில் அந்த முறுக்கு பலருக்கு மிக அதிகம். தொடை எலும்புக்குள் செயற்கை மூட்டின் தண்டைப் பொருத்தும் வேலையோ பெரும்பாலும் இன்னும் டாக்டரின் கையால்தான் நடக்கிறது.

நாங்கள் முதலில் போன மருத்துவமனையில், "ரோபோ செய்யும், தப்பே வராது" என்றார்கள். குட்டையான கால் எவ்வளவு நீளும், நரம்பு இழுபடுமா என்று என் தங்கை கேட்டதற்குப் பதில் வரவில்லை. இன்னொரு டாக்டர் அவளை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எக்ஸ்ரே எடுத்து, காகிதத்தில் படம் போட்டு, எத்தனை சென்டிமீட்டர் வரை நீட்டலாம், ஏன் அதற்கு மேல் கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினார். அவரிடம்தான் செய்துகொண்டாள். அவரும் ரோபோவைத்தான் பயன்படுத்தினார்.

இந்தக் கேள்விகளையும் ஒரு இதழில் வெளியிடுங்கள். எலும்பு மருத்துவர் ஒருவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி