வெள்ளிக்கிழமை மேம்படுத்தலைத் தள்ளிவைக்கக் கோரி நம் கணினிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினிப் பிரிவினருக்கு,

வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை இரவு எல்லாக் கணினிகளும் உபுண்டு இயங்குதளத்தின் 24.04 பதிப்புக்கு மாற்றப்படும் என்ற உங்கள் இரண்டு வரி அறிவிப்பு நேற்று மாலை கிடைத்தது. சென்ற மாதம் இதேபோன்ற ஒரு வெள்ளி இரவில் 20.04-லிருந்து 22.04-க்கு மாறியபோது நடந்தவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆகவே எல்லாவற்றையும் மீண்டும் அடுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் இருக்கும் பழைய அளவீட்டுக் கருவி மூன்று நாள் அளவீடுகளை மட்டுமே தன் நினைவகத்தில் வைத்திருக்கும். நான்காம் நாள் வந்ததும் முதல் நாளை அழித்து அதன்மேல் எழுதிவிடும். அதனால்தான் தினமும் இரவு 2 மணிக்கு என் கணினியிலுள்ள ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அக்கருவிக்குள் சென்று முந்தைய நாளின் கோப்பை எடுத்து வருகிறது. நீங்கள் மேம்படுத்திய அன்றிரவு அது வெறுங்கையோடு திரும்பியது. பொருந்தக்கூடிய சாவி வகை எதுவும் இல்லை என்ற ஒரே பிழைச் செய்திதான் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாளும் பதிவேட்டில் இருந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு டிக்கெட் போட்டேன். புதன்கிழமை பதில் வந்தது: "மேம்படுத்தல் வெற்றிகரமாக நிறைவுற்றது. டிக்கெட் மூடப்பட்டது." மறுநாள் நான் அதை மீண்டும் திறக்க, மாலையில் உங்களில் ஒருவர் நேரில் வந்து கட்டமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார், கருவி உடனே பேசியது. அதற்குள் வெள்ளி முதல் திங்கள் வரையிலான நான்கு நாள் அளவீடுகள் அழிந்திருந்தன. நான் டிக்கெட் போட்டபோது தொலைந்திருந்தது வெள்ளிக்கிழமையுடையது மட்டுமே என்பதையும், மற்ற மூன்று நாள்களும் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்த வேளையில்தான் தொலைந்தன என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

இதில் உபுண்டுவின்மீதோ, எஸ்எஸ்ஹெச் இணைப்பை நடத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின்மீதோ எனக்கு வருத்தமில்லை. எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய குறியாக்கக் கணிப்பு முறை பாதுகாப்பற்றது என்று ஆனபின் அதைக்கொண்டு இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை (கருவி தன் அடையாளத்தை மெய்ப்பிக்கும் வழி; நம் பழைய கருவிக்குத் தெரிந்தது இது மட்டுமே) ஏற்காமல் இருப்பதே முறை. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 பதிப்பில் அவற்றை ஏற்பது இயல்புநிலை அமைப்பில் நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்தப்போகிறோம் என்று 2020-இல் வந்த 8.2-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். நம் பழைய 20.04-இல் இருந்ததும் அதே 8.2தான். எச்சரிக்கை ஐந்தாண்டுகளாக நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. திறந்த மூலம் என்றால் நிரலை மட்டுமல்ல, வெளியீட்டுக் குறிப்பையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025-இல் முடியும் என்பதும் அது வெளியான நாளிலிருந்தே தெரிந்த செய்தி. 22.04 வந்தது 2022 ஏப்ரலில். மூன்று ஆண்டுகள் ஆறப்போட்டுவிட்டு, ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தாண்டி அடுத்ததற்கு நேராகக் குதிக்க முடியாது என்பதால், இப்போது இரண்டு மாதங்களுக்குள் இரண்டு படிகளையும் ஏற்றிவிடப் பார்க்கிறீர்கள். 22.04-க்கு 2027 வரை ஆதரவு உண்டு. அப்படியிருக்க இந்த வெள்ளிக்கிழமைக்கு என்ன அவசரம் என்பது எனக்குப் புரியவில்லை. ஒருவேளை அலுவலகத்தில் யாரும் இல்லாத இரவில் மேம்படுத்தினால் யாருக்கும் எதுவும் பழுதாகாது என்று ஒரு கணக்கு இருக்கலாம். உண்மையில், திங்கள் காலை வரை யாரும் புகார் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

இம்முறை என்ன பழுதாகும் என்பதில் ஒன்றை என்னாலேயே சொல்ல முடியும். 24.04-இல் வருவது பைத்தான் நிரல்மொழியின் 3.12 பதிப்பு; அதிலிருந்து டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற நூலகம் நீக்கப்பட்டுவிட்டது. என் ஸ்கிரிப்ட் கோப்புறைகளை நகலெடுப்பது அதைக்கொண்டுதான். இப்போதுள்ள 3.10-இன் கீழ் பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு நிறுவிய நூலகங்களும் 3.12-இன் கண்ணுக்குத் தெரியாது. மீண்டும் அதேபோல் நேரடியாக நிறுவப்போனால், இது இயங்குதளத்தின் பொறுப்பிலுள்ள பைத்தான் என்று சொல்லி மறுத்துவிடும். என்னுடையதைத் திருத்திக்கொள்கிறேன். பக்கத்துப் பிரிவில் எத்தனை ஸ்கிரிப்ட்கள் இப்படி இருக்கின்றன என்று யாராவது கேட்டுப் பார்த்தீர்களா? அச்சுப்பொறி ஓட்டிகள், நிறுத்திவைக்கப்பட்டுத் திரும்ப இயக்கப்படாத வெளி மென்பொருள் களஞ்சியங்கள், கூட்டத்தின் நடுவே கறுப்பாகிப்போகும் திரைப்பகிர்வு என்று எழுதிக்கொண்டே போகலாம்.

மன்னிக்கவும், குறைசொல்லி நீட்டுவது என் நோக்கமன்று. கேட்க வந்தது ஒன்றுதான்: முதலில் ஒரே ஒரு கணினியில் மேம்படுத்தி, ஒரு வாரம் அதில் அன்றாட வேலைகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். மேம்படுத்தும் நாளை ஒரு வாரம் முன்பே சொல்லி, அது திங்கள் அல்லது செவ்வாயாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பழுது வரும்போது சரிசெய்ய நீங்களும் இருப்பீர்கள், நாங்களும் இருப்போம்.

சோதனைக்கு எந்தக் கணினி என்று யோசிக்க வேண்டாம். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரமும் கருவியின் கோப்புகளைப் பழைய மடிக்கணினி ஒன்றிலிருந்து நானே கையால் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களின் கணினிகளை மட்டும் இந்த வெள்ளிக்கிழமை விட்டுவிடுங்கள். முதலில் ஒரே ஒரு கணினி.

வியாழக்கிழமைக்குள் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன். அது "மூடப்பட்டது" என்பதாக இல்லாமலிருந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஆய்வக அளவீடுகளுக்குப் பொறுப்பான ஊழியன்