நிலத்தடி நீர் அறிவியல் படிப்பை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
பிளஸ் டூ மாணவி ஒருவரின் தந்தை,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தருமபுரி.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

நான் தக்காளி விவசாயி. மூன்று வருடங்களுக்கு முன், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் காட்டிய இடத்தில் 900 அடி போர் போட்டேன். விடிய விடிய வெள்ளைப் புழுதிதான் பறந்தது. அடகுக்குப் போன என் மனைவியின் நகை இன்னும் வீடு திரும்பவில்லை.

அப்புறம்தான் அரசு நிலவியலாளர் ஒருவர் வந்து பார்த்தார். நாலு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் அடித்து, வயர் மாட்டி, மண்ணுக்குள் மின்சாரம் விட்டார். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்து, மீட்டர் காட்டிய எண்களை நோட்டில் எழுதினார். இந்தப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் தங்கும், உங்கள் நிலத்தில் ஆழத்தில் வெடிப்பு தெரியவில்லை, இன்னொரு போர் வேண்டாம் என்றார். பழைய கிணற்றுக்கு மழைநீரை வடிகட்டி விடச் சொன்னார். இரண்டாவது கடனிலிருந்து எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு மணி நேர வேலைதான்.

கூட நின்ற என் மகள், "சார், இதுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, பிறகு பி.எஸ்சி., எம்.எஸ்சி. நிலவியல் என்றார். சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு இருக்கிறதாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதினால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானியாகவே சேரலாமாம். பள்ளியில் அதுவரை இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

தண்ணீரில் கரைந்த ஃபுளோரைடால் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை படிந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் குடிநீர் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் எந்தக் கிணற்றில் எவ்வளவு கரைந்திருக்கிறது, மழைக்குப் பின் எத்தனை அடி ஏறியது என்று அளந்து சொல்ல இந்த மண்ணின் பிள்ளைகளே வர வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே, பிளஸ் டூ மாணவர்களுக்கு மேற்படிப்பு வழிகாட்டும் அரசின் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியில் இந்தப் படிப்புக்கும் ஓர் இடம் தர வேண்டுகிறேன். வாரியத்தார் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் கண்காணிப்புக் கிணறுகளை அளக்க வரும்போது, பக்கத்துப் பள்ளி மாணவர்களும் உடன் நின்று பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பெண் பிள்ளை காடுமேடு அலையும் வேலையா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இத்துறையில் பணிபுரியும் பெண் அலுவலர் ஒருவரை எங்கள் பள்ளிக்கு ஒருமுறை அனுப்பி வைத்தால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தந்தை